அத்தியாயம் 4: அடையவிட்டு இறுத்தல்

நீரில் கரையாத திண்மத்தை நீரிலிருந்து பிரிப்பதற்கு மிக எளிய வழி, கலவையை அசையாமல் விட்டுவைத்து, திண்மம் அடியில் அடைந்ததும் மேலே தெளிந்ததை மெதுவாக இறுத்தெடுப்பதுதான். இதற்கு வடிதாளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இந்த முறை பல வேலைகளுக்குப் பயன்படுகிறது. மாரி வெள்ளம் வடிந்தபின் கலங்கிக் கிடக்கும் கிணற்று நீரைத் தெளியவைப்பது, அரிசியிலிருந்து கல்லைப் பிரிப்பது, மஸ்கட் என்னும் இனிப்பைக் கிண்டுவதற்குக் கோதுமைப் பால் எடுப்பது, வீடு கட்ட வந்த மணலில் வண்டல் எவ்வளவு என்று பார்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. துணிக்கையின் பருமனும் காத்திருக்க வேண்டிய நேரமும் மட்டுமே வேறுபடும்.

மூன்று விடயங்கள் சரியாக அமைந்தால் பிரிப்பு நன்றாக வரும்: போதிய நேரம், அசைவின்மை, அடியில் கொஞ்சம் தெளிநீரை விட்டுவிடும் மனம். மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கடைசித் துளி வரை எடுக்க முயன்றால் அடையலும் கூடவே வந்துவிடும்.

எந்தக் கலவைக்குப் பொருந்தும்

திண்மம் திரவத்தில் கரையாததாக இருக்க வேண்டும். திரவத்தைவிட அடர்த்தி கூடியதாகவும் இருக்க வேண்டும். மணல், களி, சுண்ணாம்பு, மாப்பொருள், கோப்பித் தூள் ஆகியவற்றுக்கு இவ்விரண்டும் பொருந்தும். உப்பும் சீனியும் கரைந்துவிடுவதால் எத்தனை நாள் வைத்தாலும் அடியில் அடையா. மருதமுனைக் கைத்தறிக்கு நூல் தோய்க்கும் சாயமும் நீரில் கரைந்திருக்கும் வரை அப்படியே. சாய நீரைப் பீப்பாயில் விட்டுவைத்தால் நூல் துகளும் கரையாத தூளும் அடியில் இறங்கும். நிறம் நீரிலேயே நிற்கும்.

திரவத்தைவிட இலேசானவை மேலே மிதக்கும். தேங்காய்ப்பாலை ஆறவைத்தால் கொழுப்புத் திரண்டு மேலே வருகிறது. ஊறப்போட்ட நெல்லில் பதர் மிதக்கிறது. இவற்றை மேலிருந்து வழித்தெடுப்பதே முறை. இரண்டும் கலந்திருந்தால் முதலில் மிதப்பதை வழித்துவிட்டு, பிறகு அடையவிட வேண்டும். வரிசை மாறினால், இறுக்கும்போது மிதப்பவை எல்லாம் தெளிநீரோடு சேர்ந்து விழும்.

அடையும் வேகம்

திரவத்தில் சிறு துணிக்கை விழும் வேகத்துக்கான விதியை 1851இல் ஜோர்ஜ் கேபிரியேல் ஸ்டோக்ஸ் வெளியிட்டார். அதன்படி வேகம் துணிக்கையின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். துணிக்கைக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு கூடினால் வேகம் கூடும்; திரவத்தின் பிசுக்குமை கூடினால் குறையும்.

20 பாகை செல்சியஸ் நீரில், 10 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கடக்க 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள மணல் துணிக்கைக்கு ஏறத்தாழ 11 செக்கன் போதும். 0.01 மில்லிமீற்றர் வண்டல் துணிக்கைக்கு 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். 0.001 மில்லிமீற்றர் களித் துணிக்கைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் ஏறத்தாழ 31 மணித்தியாலம் வேண்டும். அதனினும் நுண்ணியவை நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் தாமாக அடைவதே இல்லை எனலாம். வாளி நீரில் மணல் உடனே இறங்கிவிட, மேல் நீர் மறுநாளும் பால்போல மங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வெப்பமும் கணக்கில் வரும். 30 பாகையில் நீரின் பிசுக்குமை 20 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கிழக்குக் கரையின் வெக்கையில் அடைதல் சற்று விரைவாகவே நடக்கும். ஆனால் பாத்திரத்தின் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் சூடான நீர் மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கி, உள்ளே மெல்லிய ஓட்டம் உண்டாகும். நுண்ணிய துணிக்கைகளை அடையவிடாமல் தூக்கிவைக்க அந்த ஓட்டம் போதும். பாத்திரத்தை முழு நிழலில் வைப்பது இதற்காகவே.

பாத்திரமும் துணைக்கருவிகளும்

ஒரே அளவு நீரை அகன்ற பேசினில் வைத்தால் ஆழம் குறைவு, துணிக்கை விழ வேண்டிய தூரமும் குறைவு, விரைவில் தெளியும். ஆனால் அகன்ற பாத்திரத்தைச் சரித்து இறுக்கும்போது அடையல் முழுவதும் நகர்ந்து எழும்பும். உயரமான ஒடுங்கிய பாத்திரத்தில் தெளிய நேரம் பிடிக்கும், இறுப்பது சுலபம். வீட்டு வேலைக்கு நடுத்தரமான வாளியோ, வாய் அகன்ற பானையோ போதும். உள்ளே நிற்பதைப் பார்க்க முடிந்தால் அடையலின் எல்லை தெரியும் என்பதால், கண்ணாடிப் போத்தலும் வெளிர்நிறப் பிளாஸ்டிக் வாளியும் சிறந்தவை.

பாத்திரத்தைச் சற்றுச் சரித்து, அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகி வைப்பது நல்ல உத்தி. அடையல் ஒரு மூலையில் திரளும். எதிர்ப்பக்க விளிம்பால் இறுக்கும்போது அது குறைவாகவே அசையும். சரிந்த குழாயில் அடைதலே விரைவாக நடக்கும் என்பதை 1920இல் போய்கொட் என்ற ஆங்கில மருத்துவ ஆய்வாளர் குருதியை வைத்துக் காட்டினார். சில நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சாய்ந்த தகடுகளும் குழாய்களும் பொருத்துவதும் இந்த விளைவைக் கருதித்தான்.

கனமான வாளியைச் சரிப்பதைவிட ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பது நல்லது. குழாயைச் சுத்தமான நீரால் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தெளிநீருக்குள் அமிழ்த்தி, மற்றதைக் கீழே உள்ள பாத்திரத்தில் விட்டுத் திறந்தால் நீர் தானாக ஓடும். குடிநீருக்கான குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது. உள்முனையை ஒரு தடியோடு சேர்த்துக் கட்டி, அடையலுக்கு 5 சென்ரிமீற்றர் மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். முனை கீழ்நோக்கி இருந்தால் அடையலை இழுக்கும். மேல்நோக்கி வளைந்திருந்தால் இழுக்காது.

பொதுச் செய்முறை

1. மிதப்பவற்றை வழித்து, தும்பும் இலையும் போகப் பருத்தித் துணியால் ஒரு தடவை வடிக்க வேண்டும். நாலாக மடித்த பழைய சாறன் துணி இதற்குப் போதும்.

2. கலவையை ஒருமுறை நன்றாகக் கலக்கி, உடனே நிழலான, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்து மூட வேண்டும். வைத்தபின் இடம் மாற்றக் கூடாது.

3. தெளிந்த எல்லை கண்ணுக்குத் தெரியும் வரை விட வேண்டும். மணலுக்குச் சில நிமிடம், வண்டலுக்குச் சில மணித்தியாலம், களிக்கு ஒரு நாளும் அதற்கு மேலும்.

4. பாத்திரத்தின் விளிம்பு பெறும் பாத்திரத்தில் தொட்டபடி இருக்க, ஒரே சீராகச் சரித்து இறுக்க வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் நீர் திரும்பி அலையடித்து அடையலைக் கலக்கிவிடும். சிறிய பாத்திரமாயின் விளிம்பில் ஒரு கோலைச் சாத்தி, அதன் வழியே நீரை வழியவிடலாம். ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கோலைப் பயன்படுத்துவது நீர் சிதறாமலும் முகவையின் வெளிப்பக்கமாக ஒழுகாமலும் இருப்பதற்காக.

5. அடையலின் முதல் இழை விளிம்பை நோக்கி நகரும்போதே நிறுத்திவிட வேண்டும்.

6. வேண்டியது திண்மமாயின், அடையலில் மீண்டும் சுத்தமான நீர் விட்டுக் கலக்கி, அடையவிட்டு இறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒரு பங்கு நீர் மட்டும் அடியில் மிஞ்சினால், அதில் கரைந்திருந்த அழுக்கும் பத்தில் ஒன்றாகும். மூன்று தடவையில் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒரே தடவையில் நிறைய நீர் விடுவதைவிடக் குறைந்த நீரில் பல தடவை கழுவுவது பயன் தருவது இதனால்தான்.

வெள்ளக் காலத்துக் கிணற்று நீர்

கல்முனைக் கரையோரத்தின் கிணறுகள் பெரும்பாலும் மணலில் தோண்டிய ஆழமற்ற கிணறுகள். வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் கட்டினால் தரை நீர் கட்டைத் தாண்டி உள்ளே விழுகிறது. கலங்கல் மட்டுமன்றி மலக்கழிவும் கிருமியும் கூடவே வருகின்றன. அத்தகைய நீரைத் தெளியவைப்பது முதற்படி மட்டுமே. தெளிந்த நீர் சுத்தமான நீர் ஆகிவிடாது.

ஆயினும் முதற்படியைத் தவிர்க்க முடியாது. குளோரீன் கலங்கிய நீரில் சரியாக வேலை செய்யாது. களியோடும் சேதனப் பொருளோடும் சேர்ந்து அதன் ஒரு பகுதி செலவாகிவிடும். துணிக்கைக்குள் ஒளிந்த கிருமியையும் அது எட்டாது. ஆகவே முதலில் தெளிவு, பிறகு தொற்றுநீக்கம் என்பதே ஒழுங்கு.

*மூன்று பானை முறை.* இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. நாள்தோறும் நீர் கொண்டுவந்ததும், இரண்டாம் பானையின் தெளிவை மூன்றாம் பானைக்கு இறுத்து, இரண்டாம் பானையைக் கழுவ வேண்டும். அடுத்து முதற்பானையின் தெளிவை இரண்டாம் பானைக்கு இறுத்து, முதற்பானையைக் கழுவ வேண்டும். புதிய நீரைத் துணியால் வடித்து முதற்பானையில் விட வேண்டும். மூன்றாம் பானைக்கு வரும் நீர் இதற்குள் இரண்டு நாள் அடைந்திருக்கும். நீரை ஒரு நாள் தேக்கிவைத்தாலே பக்ரீறியாக்களில் கணிசமான பகுதி குறைகிறது. ஆனால் எல்லாம் போவதில்லை. குடிப்பது எப்போதும் மூன்றாம் பானையிலிருந்தே; அதையும் கொதிக்கவைத்தோ குளோரீன் இட்டோதான் குடிக்க வேண்டும்.

*படிகாரம்.* இரண்டு நாளிலும் இறங்காத களிக்குப் படிகாரம் வேண்டும். களித் துணிக்கைகள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளுவதால் சேர்வதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்த ஏற்றத்தைச் சமன்செய்து, பஞ்சு போன்ற அலுமினியம் ஐதரொட்சைட்டாகத் திரண்டு, களியையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்குகிறது.

அளவை ஊகிக்காமல் சோதித்து அறிய வேண்டும். 10 கிராம் படிகாரத்தை 1 லீற்றர் தெளிநீரில் கரைத்தால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஐந்து ஒரு லீற்றர்ப் போத்தல்களில் கலங்கல் நீரை எடுத்து, ஊசியில்லாத சிறிஞ்சியால் முறையே 1, 2, 3, 4, 5 மில்லிலீற்றர் கரைசல் விட வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணித்தியாலம் விட வேண்டும். நன்றாகத் தெளிந்த போத்தல்களுள் மிகக் குறைந்த அளவு விட்டதே சரியான அளவு. அது 3 மில்லிலீற்றர் என்றால் 20 லீற்றர் வாளிக்கு 60 மில்லிலீற்றர் கரைசல். கூட விட்டால் நீர் புளிப்பும் துவர்ப்பும் பெறும், தெளிவும் மோசமாகலாம். மெதுவாகக் கலக்கும் கட்டத்தில் அவசரப்படக் கூடாது: அப்போதுதான் சிறு திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன, வேகமாகச் சுற்றினால் உடைந்துவிடும்.

*தேத்தாங்கொட்டையும் முருங்கை விதையும்.* இலங்கையின் உலர் வலயக் காடுகளில் தேத்தா மரம் வளர்கிறது. அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் நீர் விட்டு உரைத்து, அந்த நீரைக் கலங்கலில் கலப்பது பழைய வழக்கம். கலித்தொகையிலும் அதற்குச் சான்று உண்டு. தேத்தாவின் இனத்தைச் சேர்ந்த எட்டியின் விதை கொடிய நஞ்சு. அது தட்டையாக, பொத்தான் போன்ற வட்டமாக, பட்டு மயிருடன் இருக்கும். கொட்டையை உறுதியாக இனங்காண முடியாதவர் இந்த முறையைக் கையாளக் கூடாது. முற்றிக் காய்ந்த முருங்கை விதையின் தோலை நீக்கி, பருப்பைப் பொடித்து, சிறிது நீரில் குழைத்து, துணியால் வடித்துக் கலந்தாலும் களி திரளும். விதையிலுள்ள நேர்மின்னேற்றப் புரதமே இங்கே வேலை செய்கிறது. விதையின் சேதனப் பொருள் நீரில் தங்கிவிடுவதால், அந்த நீரை ஒரு நாளுக்குமேல் வைத்தால் நாற்றம் பிடிக்கும்.

*தெளிவைச் சோதித்தல்.* நிறமற்ற 2 லீற்றர்ப் போத்தலை நிரப்பி, நாளிதழ்த் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்வழியே கீழே பார்க்க வேண்டும். தலைப்பு எழுத்துத் தெரியாவிட்டால் இன்னும் தெளியவைக்க வேண்டும். தெளிந்ததை ஒரு நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவைக்கலாம். அல்லது 5 வீதம் குளோரீன் உள்ள, வாசனை சேர்க்காத வெளிற்றுத் திரவத்தை லீற்றருக்கு 2 துளி வீதம் இட்டு, 30 நிமிடம் விடலாம். கிணற்றுக்கே குளோரீன் இடுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலில் செய்ய வேண்டும்.

உப்புக்கு இந்த முறை எதுவும் மருந்தல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறைக் கரையோரக் கிணறுகளில் சேறும் கடல்நீரும் ஒன்றாகப் புகுந்தன. சேற்றை அள்ளிவிடலாம், மிஞ்சிய கலங்கல் அடையும், உப்பு அடையாது. மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பதால், உப்பைப் போக்கவென்று திரும்பத் திரும்ப இறைத்தால் கீழிருந்து உவர்நீரே மேலேறும். அத்தகைய கிணற்றை ஒருமுறை துப்புரவாக்கியபின் மழைநீர் ஊறும் வரை விட்டுவைப்பதே தக்கது.

சமையலறையில்

*அரிக்கன் சட்டி.* உட்சுவரில் வளையம் வளையமாக வரித்த இந்தச் சட்டி, அடைதலையும் இறுத்தலையும் ஒரே அசைவில் முடிக்கிறது. அரிசியைவிடக் கல்லின் அடர்த்தி ஏறத்தாழ இரு மடங்கு. நீருக்குள் மிதப்புவிசையைக் கழித்தால் வேறுபாடு மூன்று மடங்கைத் தாண்டும். அரிசியை நீரோடு இட்டு, சட்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கல்லும் மணலும் முதலில் கீழே போய் வரிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே அசையும் அரிசியைக் கொஞ்சங் கொஞ்சமாக நீரோடு மறு பாத்திரத்துக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் சட்டியில் ஒரு பிடி அரிசி மிஞ்சும். அதைத் தனியே நீர் விட்டு மறுபடியும் அரிக்க வேண்டும். முழுவதையும் ஒரேயடியாகச் சரித்தால் வரியில் கிடந்த கல்லும் போய்விடும்.

*மஸ்கட்டுக்குக் கோதுமைப் பால்.* கல்முனைப் பகுதி முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கிண்டப்படும் மஸ்கட்டின் பதம், பாலை எப்படி அடையவிட்டார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. கோதுமை மாவை ரொட்டிக்குப் போலப் பிசைந்து, உருண்டையை நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். பிறகு நீருக்குள்ளேயே பிசைந்தால் மாப்பொருள் கழன்று நீர் பாலாகும். கையில் ரப்பர் போல இழுபடும் பசை மிஞ்சும். அந்தப் பசை புரதம். அதை நீக்கிவிட வேண்டும். பாலை வெள்ளைத் துணியால் வடித்து இரவு முழுதும் விட வேண்டும்.

கோதுமை மாப்பொருளில் இரு வகை மணிகள் உண்டு. பெரியவை 15 முதல் 35 மைக்ரோமீற்றர் வரை. ஒரு சாண் ஆழத்தை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திலோ அதற்கு முன்னரோ கடந்துவிடும். சிறியவை 10 மைக்ரோமீற்றரிலும் குறைந்தவை. அவற்றுக்குத்தான் இரவு முழுதும் வேண்டும். விடியும்போது பாத்திரத்தில் மூன்று படைகள் தெரியும்: மேலே மங்கிய மஞ்சள் நீர், நடுவே மெல்லிய சாம்பல் குழம்பு, அடியில் விரல் வைத்தால் சட்டென்று குழியாத வெண்ணிறக் கட்டி. மஞ்சள் நீரை இறுத்துவிட வேண்டும். சாம்பல் படையில் நுண்ணிய மணிகளும் புரதத் துகளும் கலந்திருக்கும்; அதை வழித்து நீக்கினால் மஸ்கட் கண்ணாடிபோல மினுங்கும், விட்டுவைத்தால் மங்கலாக வரும். வெக்கை நாட்களில் இரவைத் தாண்டி விட்டால் பால் புளித்து, குமிழி கிளம்பி, அடைந்ததை மேலே தூக்கும். அதனால் விடிந்ததும் இறுத்துவிடுவதே வழக்கம். கூகைக்கிழங்கு மாவும் மரவள்ளி மாவும் எடுப்பது இதே வழியில்தான். அவற்றை மட்டும் இரண்டு மூன்று நீரில் கழுவி அடையவிட வேண்டும்.

*சுண்ணாம்புத் தெளிவு.* நீற்றுப்பூசணித் தோசி என்னும் இனிப்புக்குத் துண்டுகளை ஊறவைப்பது சுண்ணாம்பின் தெளிநீரில். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 1.5 கிராம் சுண்ணாம்பே கரையும். மிச்சம் எவ்வளவு இட்டாலும் அடியில் அடையும். ஆகவே அளவு கூடினாலும் தெளிநீரின் காட்டம் மாறாது. சில மணித்தியாலம் விட்டு, மேலே படியும் மெல்லிய ஆடையை வழித்துவிட்டு, தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் சுண்ணாம்பு கலந்தால் துண்டுகளில் வெண்மை படிந்து நாக்கைச் சுடும். தெளிநீரும் கண்ணில் படக் கூடாது.

*நெய்.* வெண்ணெயை உருக்கும்போது நீர் வற்றியபின் பாற்புரதம் பொன்னிறக் கசண்டாக அடியில் இறங்கும். சூட்டில் நெய்யின் பிசுக்குமை குறைவு. ஆறினால் கூடி, உறைந்தும்விடும். எனவே அடுப்பை அணைத்துச் சில நிமிடம் விட்டு, நெய் இளஞ்சூடாக இருக்கும்போதே இறுத்துவிட வேண்டும். இறுக்கும் போத்தலில் ஈரம் இருக்கக் கூடாது.

கட்டட மணலில் வண்டல் சோதனை

மணலில் வண்டலும் களியும் கூடினால் சீமெந்து சரியாகப் பிடிக்காது. மேசன்மார் வேலைத்தளத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பக்கங்கள் நேராக உள்ள கண்ணாடிப் போத்தலில் பாதியளவுக்கு மணல் இட்டு, லீற்றருக்கு 10 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரை முக்கால் அளவு வரை விட வேண்டும். மூடிப் பலமாகக் குலுக்கி, சமதரையில் வைத்து, மேற்பரப்பு மட்டமாகும்படி பக்கத்தில் மெல்லத் தட்டி, மூன்று மணித்தியாலம் விட வேண்டும். மணல் அடியிலும் வண்டல் அதன்மேல் தனிப் படையாகவும் நிற்கும். அடிமட்டத்தால் இரண்டின் உயரத்தையும் அளக்க வேண்டும். மணல் 80 மில்லிமீற்றர், வண்டல் 4 மில்லிமீற்றர் என்றால் வண்டல் 5 வீதம். 8 வீதத்தைத் தாண்டினால் மணலைக் கழுவவோ ஆய்வுகூடச் சோதனைக்கு அனுப்பவோ வேண்டும்.

உப்பு இடுவது களியைத் திரளச் செய்வதற்காக. நிந்தவூருக்குத் தெற்கே களியோடை போன்ற ஆறுகள் கடலைச் சேரும் இடத்திலும் இதுவே நடக்கிறது: ஆற்றோடு வந்த களி உவர்நீர் பட்டதும் திரண்டு அடைகிறது. கடல் மணலில் உள்ள உப்பை இந்தச் சோதனை காட்டாது. அந்த உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், அத்தகைய மணலை நன்னீரில் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

தாங்கிகளும் நீர் வழங்கலும்

நீர் தொடர்ந்து வந்துபோகும் தாங்கியிலும் அடைதல் நடக்கும். அமைப்பு அதற்கு இடங்கொடுக்க வேண்டும். எடுக்கும் குழாயை அடித்தளத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவு மேலே பொருத்தி, கழுவி விடுவதற்கு மட்டும் அடிமட்டத்தில் வேறொரு குழாய் வைக்க வேண்டும். தரையை அந்தக் குழாயை நோக்கிச் சரித்துவிட்டால் அடையல் தானாக அங்கே சேரும். வரும் நீர் உயரத்திலிருந்து கொட்டாமல், ஒரு தடுப்பில் மோதி அமைதியாகப் பரவ வேண்டும். வீட்டுத் தாங்கிக்கும், பள்ளிவாசலில் வுழூச் செய்யும் ஹவ்ழ் என்னும் நீர்த்தொட்டிக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

பெரிய அளவிலும் ஒழுங்கு இதுவே. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் போன்ற நீர்த்தேக்கத்தில், ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் நீர் நின்றதுமே அடையத் தொடங்குகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சக் கலங்கலுக்குப் படிகாரம் சேர்த்து, மெதுவாகக் கலக்கி, சில மணித்தியாலம் அடைவுத் தொட்டியில் விட்டு, மேல்நீரை விளிம்பால் வழியவிடுகிறார்கள். அதன் பிறகே மணல்வடியும் குளோரீனும் வருகின்றன.

அடிக்கடி நேரும் குறைகள்

நேரம் சென்றும் தெளியவில்லை என்றால் துணிக்கை மிக நுண்ணியது, படிகாரம் வேண்டும். படிகாரம் இட்டும் திரளவில்லை என்றால் அளவு தவறியிருக்கலாம், அல்லது நீர் புளிப்பாக இருக்கலாம். போத்தல் சோதனையைத் திரும்பச் செய்து, மிகச் சிறிதளவு சுண்ணாம்புத் தெளிவு சேர்த்துப் பார்க்கலாம். திரள்கள் அடையாமல் மேலே எழும்பினால் வெயில் படுகிறதா, நீர் புளித்துக் குமிழி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கலங்கினால் சரிப்பதை விட்டுக் குழாய்க்கு மாற வேண்டும். தெளிந்த நீரில் நிறமோ நாற்றமோ உப்புச் சுவையோ இருந்தால், அது கரைந்த பொருளின் வேலை. அடையவிடுவதால் அது நீங்காது.

அடையலை அகற்றல்

அடையலைக் கழிவு வாய்க்காலில் கொட்டினால் அங்கேயும் அடைந்து வாய்க்காலை அடைக்கும். கிணற்றுச் சேற்றையும் படிகார அடையலையும் கிணற்றுக்கு எட்டத்தில், நீர் ஓடும் சரிவின் கீழ்ப்பக்கத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். வெள்ளக் காலச் சேற்றில் கிருமி இருக்கும் என்பதால் அள்ளியபின் கையையும் பாத்திரத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மாப்பொருளை மெல்லிய படையாகப் பரப்பி வெயிலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, காற்றுப் புகாத டின்னில் வைக்கலாம். மிஞ்சிய சுண்ணாம்பில் மீண்டும் நீர் விட்டால் இன்னும் சில தடவை தெளிவு எடுக்கலாம். நீரில் காட்டம் குறைந்ததும் அதை மாற்ற வேண்டும்.